துட்டித் தண்ணீருக்குப் பதினைந்து நாள்

சட்டமன்றக் கூட்டத்தொடரின் மூன்றாம் நாள் காலையில் மேலத்தெரு வால்வு உலகம்மாளின் கைக்கு இணங்கவில்லை. குழிக்குள் நீளச் சாவியை இறக்கி, இரண்டு தோளையும் கொடுத்துத் திருகிப் பார்த்தாள். கால் சுற்றுகூடப் போகவில்லை. சட்டப்பூட்டு விழுந்துவிட்டது.

குழியின் விளிம்பில் பதித்திருந்த பதிவுப்பலகையில் எழுத்து ஓடியது. முறை நாள் இல்லாத நாளில் திருவிழாவுக்காகத் தண்ணீர் திறக்க, பதினைந்து நாளுக்கு முன்பே விண்ணப்பம் தர வேண்டும். சட்டம் நிறைவேறும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தாறு.

தெருவில் திருவிழா எதுவும் இல்லை. விடிகாலையில் தையல்காரர் வீட்டு அம்மா இறந்துபோயிருந்தார். கருவேலங்குறிச்சி பேரூராட்சியில் ஒவ்வொரு தெருவுக்கும் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். சாவு அந்த நாளைப் பார்த்து வருவதில்லை. அதனால் எந்தத் தெருவில் துட்டி விழுந்தாலும், அந்தத் தெருவுக்கு முறை இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் தண்ணீர் திறந்துவிடுவது வழக்கம். உடலைக் குளிப்பாட்ட வேண்டும். எடுத்த பிறகு வீட்டைக் கழுவ வேண்டும். சுடுகாடு போய் வந்தவர்கள் தலை முழுக வேண்டும். யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் திறப்பாளர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். துட்டித் தண்ணீர் என்று அதற்குப் பெயர். எந்தக் காகிதத்திலும் எழுதாத பெயர்.

அன்று உலகம்மாள் வெறுங்கையோடு திரும்பினாள். கீழத்தெருக்காரர்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வீடு கழுவப் போதவில்லை.

சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. சென்னையில் உறுப்பினர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி எல்லாவற்றிலும் முன்கணி என்ற பொறி இருந்தது. சட்டமன்றத்தில் யார் எதைப் பேசுகிறார்கள், யார் தலையாட்டுகிறார்கள், எந்தக் கட்சி எதை விட்டுக்கொடுக்கும் என்று கவனித்து, கூட்டத்தொடர் முடியும்போது எந்தச் சட்டம் வந்திருக்கும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அன்றைக்கே ஊரில் அது நடைமுறைக்கு வந்துவிடும்.

முன்கணி வந்தபோது உலகம்மாளும் சந்தோஷப்பட்டவள்தான். அதற்கு முன்னால் அவள் பள்ளம் தோண்டும் வேலையில் இருந்தாள். ஒரு கூட்டத்தொடர் முடிந்தால் வடிகால் இரண்டடி ஆழம் என்று உத்தரவு வரும். அடுத்தது முடிந்தால் மூன்றடி. அதற்கடுத்தது முடிந்தால் அந்தத் திட்டமே இல்லை, மூடு என்பார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே பள்ளத்தை அவள் மூன்று முறை தோண்டி மூன்று முறை மூடியிருக்கிறாள். தோண்டிய கைக்குத்தான் தெரியும், மூடுகிற மண் எவ்வளவு கனம் என்று. வரப்போவது முன்பே தெரிந்தால் அந்தப் பாடு இல்லை அல்லவா.

சட்டமன்றத்திலும் ஒரு பொறி இருந்தது. அதற்குப் பெயர் நடைத்தொகுப்பி. ஊர் ஊராக என்ன நடக்கிறது என்று பதிவுப்பலகைகளிலிருந்து படித்து, அதற்குத் தக்க சட்ட வரைவைத் தயாரித்து உறுப்பினர்கள் மேசையில் வைக்கும். சட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று நிற்கக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

தவறு எங்கே நடந்தது என்றால், பதிவுப்பலகையில் நடந்தது. முறை இல்லாத நாளில் திறந்தால் காரணம் கேட்கும். பழுது, தீ விபத்து, திருவிழா என்று மூன்றே காரணங்கள்தான் அதில் இருந்தன. சாவுக்கு இடம் இல்லை. பழுது என்று அழுத்தினால் மறுநாள் பொறியாளர் வந்து நிற்பார். தீ என்று அழுத்தினால் வண்டியே வந்துவிடும். ஆகவே உலகம்மாள் திருவிழாவை அழுத்தினாள். மாநிலம் முழுக்கத் திறப்பாளர்கள் அதையேதான் அழுத்தினார்கள், ஒருவரையொருவர் கேட்காமலே. கருவேலங்குறிச்சியில் மட்டும் போன வருடம் நாற்பத்தொரு திருவிழா. நடைத்தொகுப்பி பார்த்தது. தெருவுக்குத் தெரு, வாரத்துக்கு வாரம், சொல்லாமல் கொள்ளாமல் திருவிழா நடத்தித் தண்ணீரைத் திறக்கிறார்கள், ஒழுங்குபடுத்த வேண்டும் என்று முடிவுக்கு வந்தது.

உலகம்மாள் செயல் அலுவலரைப் போய்ப் பார்த்தாள். ஊரில் அவரை ஈ.ஓ. என்பார்கள். திரவியம் என்று பெயர், நாமக்கல் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அது திருவிழா அல்ல, துட்டி என்று எழுதிப் போடலாமே என்றாள். ஆறு வருடப் பதிவும் பொய் என்று ஆகிவிடும், திறப்பாளர்கள் எல்லாருக்கும் வேலை போகும், உங்களுக்கும்தான் என்றார் அவர். கூட்டத்தொடர் நடக்கும்போது பேரூராட்சி மன்றம் போடுகிற தீர்மானத்தையும் பொறி ஏற்காது, காத்திருப்பில் வைக்கும்.

“அப்ப துட்டி விழுந்தா என்ன சார் செய்ய?”

“பதினஞ்சு நாளுக்கு முன்னாடி விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்க” என்றார் ஈ.ஓ. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்.

உலகம்மாளுக்கு வேறு கவலையும் இருந்தது. அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலாண்டி படுக்கையில் கிடந்தார். எழுபத்தெட்டு வயது. பத்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவர். மேலத்தெருவுக்குக் குழாய் வரவேண்டும் என்று பேரூராட்சி வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தவர். நுரையீரல் போய்விட்டது, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் கோமு ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். தையல்காரர் வீட்டில் தரை கழுவாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், அன்று சாயங்காலம் உலகம்மாளின் வாசலில் வந்து நின்றாள்.

“அத்தை, எங்க அப்பாவுக்கும் இப்படித்தானா?” என்றாள்.

உலகம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் திறந்துவிடும் குழாயே அந்த மனிதர் கொண்டுவந்தது.

யோசித்து யோசித்து இரண்டு நாள் கழித்து வேலாண்டியிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கோமு அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வேலாண்டி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“தாள எடுத்துட்டு வா, உலகு. நானே எழுதித் தாரேன்.”

“அண்ணாச்சி, தேதி கேக்கும்.”

“போடு. தேதின்னு ஒண்ணு இருந்தா எனக்கும் சோலி சுளுவு. இந்த மாசம் இருபத்தி நாலு போடு. அதுக்கு மேல எனக்கும் இழுக்க ஏலாது.”

விழாவின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினார். நடத்துபவர் என்ற இடத்திலும் அதையே எழுதினார். கையெழுத்து மட்டும் உறுப்பினராக இருந்த காலத்துக் கையெழுத்துப் போல நிமிர்ந்து நின்றது.

ஈ.ஓ. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். முத்திரை வைத்தார். இந்த வழி மற்ற ஊர்களுக்கும் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று இல்லை. திறப்பாளர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் பெயரில், அவரவர் தெருவுக்கு, ஒரு மணி நேரத் திருவிழா. இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவிந்தது.

இருபத்திநாலாம் தேதி காலை ஆறு மணிக்கு மேலத்தெரு வால்வு உலகம்மாளின் கைக்கு இணங்கிச் சுற்றியது. தண்ணீர் வந்தது. தெருவே குடத்தை வைத்துக்கொண்டு நின்றது. ஆனால் வேலாண்டி உயிரோடு இருந்தார். முந்தின நாளைவிடத் தெம்பாகவே இருந்தார். இவ்வளவு தண்ணீரை வீணாக்குவானேன், என்னை உட்காரவைத்துக் குளிப்பாட்டுங்கள் என்றார். கோமு வாசலில் நாற்காலி போட்டு, அப்பாவுக்குத் தலைக்கு ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் குடத்தைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தார்கள்.

“நல்ல திருவிழாதாம்ல” என்றார் வேலாண்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அன்றுதான் கூட்டத்தொடரின் கடைசி நாள். பிற்பகலில் செய்தி வந்தது. நடைத்தொகுப்பி குவிந்த விண்ணப்பங்களை எல்லாம் இறப்புப் பதிவோடு ஒத்துப் பார்த்துவிட்டது. இவை திருவிழா அல்ல, சாவு என்று கண்டுகொண்டது. உடனே வரைவை மாற்றி மேசையில் வைத்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் மேசையைத் தட்டின. துட்டித் தண்ணீர் முதன்முதலாகச் சட்டத்தில் ஏறியது. இறப்பு நடந்த தெருவுக்கு உடனே ஒரு மணி நேரம் தண்ணீர், விண்ணப்பம் வேண்டாம். இறந்தவர் பெயரைத் திறப்பாளர் சொன்னால் போதும். துக்க வீட்டில் ஆதாரம் கேட்பது பண்பல்ல என்று ஒரு உறுப்பினர் பேசியதற்கு எல்லாரும் எழுந்து நின்றார்களாம். ஒரு பெயருக்கு ஒரு முறை மட்டும். இதுவரை வந்த விண்ணப்பங்களும் இறப்பாகவே கொள்ளப்படும்.

உலகம்மாள் அந்தச் சட்டத்தை இரண்டு முறை வாசித்தாள். கேட்டது எல்லாம் கிடைத்திருந்தது. மூன்றாவது முறை வாசிக்கும்போதுதான் கடைசி வரி உறைத்தது.

வேலாண்டி பதிவில் இறந்துவிட்டார். மறுவாரம் அரசு கொடுக்கும் அவருடைய மருந்து வரவில்லை. கோமு அலைந்தாள். ஈ.ஓ. தன்னால் ஆனதைச் செய்தார், பேரூராட்சி மன்றத்தைக் கூட்டினார். வேலாண்டி உயிரோடு இருக்கிறார் என்று தீர்மானம் போட்டார்கள். வாசகத்தை வேலாண்டியே படுக்கையில் கிடந்து சொல்ல, கோமு எழுதிக் கொடுத்திருந்தாள். பதினைந்து உறுப்பினர்களும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். பொறி தீர்மானத்தைப் பெற்றுக்கொண்டது. இறந்தவரைத் திருத்தும் அதிகாரம் பேரூராட்சிக்கு இல்லை, அடுத்த கூட்டத்தொடரில் பரிசீலிக்கப்படும் என்று பதில் தந்தது. அடுத்த கூட்டத்தொடர் ஐப்பசியில். அப்போது வைகாசி.

மருந்தை ஊரார் வெளியே வாங்கிக் கொடுத்தார்கள். வேலாண்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் உறுப்பினராக இருந்தபோது போட்ட தீர்மானமும் இப்படித்தான் கிடந்தது என்று மட்டும் சொன்னார். வைகாசி கடைசியில், ஒரு திங்கட்கிழமை மதியம், கோமு கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவர் மூச்சு நின்றது.

உலகம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேலத்தெருவின் முறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பதிவுப்பலகையில் இப்போது இறப்பு என்று தனி இடம் இருந்தது. பெயரைச் சொன்னாள். வேலாண்டி, மேலத்தெரு.

இப்பெயருக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டது என்று பலகை சொன்னது.

இன்னொரு தடவை சொன்னாள். அதே பதில். பின்னால் வேலாண்டியின் வீட்டிலிருந்து அழுகை கேட்டது. கோமுவின் குரல் தனியாகத் தெரிந்தது. பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு நான்கு பெண்கள் தெருமுனைக் குழாய்க்கு வந்து, திறந்துவிடுவாள் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் வால்வுக் குழிக்குள் நேராக இறங்கியது. சாவியின் இரும்பு கையைச் சுட்டது.

பலகை காத்திருந்தது. இறந்தவர் பெயர்?

யார் பெயரைச் சொல்வது? தெருவில் இருக்கிற யார் பெயரைச் சொன்னாலும் நாளைக்கு அவர்களுக்கு மருந்து நிற்கும், அரிசி நிற்கும். பிறத்தியாரைச் சாகடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“உலகம்மாள்” என்றாள். “மேலத்தெரு.”

உறுதியா என்று கேட்டது. கட்டைவிரலை வைத்தாள். பூட்டு விட்டது. பதினான்கு சுற்றும் சுற்றினாள். குழாய் ஒரு முறை காற்றை உமிழ்ந்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. உடலுக்கு ஊற்றும் நீர்மாலைக் குடங்கள் நிறைந்தன. வேலாண்டியைக் குளிப்பாட்டினார்கள், எடுத்தார்கள், வீட்டைக் கழுவிவிட்டார்கள். போய் வந்தவர்கள் எல்லாரும் தலை முழுகினார்கள். குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் உலகம்மாளின் பெயர் பணியாளர் பட்டியலில் இல்லை. ஈ.ஓ. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறந்தவரை எப்படி வேலைக்கு வைப்பது? கடைசியில் முத்துலட்சுமி என்று ஒரு பெயரைப் போட்டு, சாக்கடை அள்ளும் தினக்கூலி மஸ்தூர் கணக்கில் சேர்த்தார். உலகம்மாளுக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு பெயர் கூடுதலாகக் கிடைத்தது. கோமு மட்டும் அத்தை என்றே கூப்பிட்டாள். வீட்டில் சமைத்ததில் பாதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. திறப்பாளர் பணியிடம் காலியானால் ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்று சட்டத்தில் எங்கோ ஒரு பிரிவு இருந்தது. ஆள் நியமிக்கும்வரை பூட்டுகள் திறந்தே கிடக்கும். ஆகவே கருவேலங்குறிச்சியில் பூட்டே இல்லாமல் போயிற்று. உலகம்மாள் தனக்குத் தெரிந்தபடி திறந்தாள். மேலத்தெரு மேடு, அங்கே தண்ணீர் ஏற வேண்டுமானால் கீழத்தெரு வால்வை அரைவாசி மூடிக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். பலகை அதற்கு என்றைக்கும் விட்டதில்லை. இப்போது செய்தாள். கல்யாண வீட்டுக்கு ஒரு கண், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு கண். ஊரில் தண்ணீர்ப் புகார் என்பதே நின்றது.

மற்ற ஊர்களிலும் தேதி கொடுத்துவிட்டுப் பிழைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பலகைகள் மறுத்தன. திறப்பாளர்கள் வேறு வழியில்லாமல் தங்கள் பெயரைச் சொன்னார்கள். ஐப்பசிக்குள் நூற்றுப்பதின்மூன்று ஊர்களில் திறப்பாளர்கள் இறந்துபோய், தினமும் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தொடர் தொடங்கிய இரண்டாம் நாள் மாலை ஈ.ஓ. அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் முன்கணியின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. உட்காருங்கள் என்றார். வழக்கமாக அப்படிச் சொல்லமாட்டார்.

“நம்ம ஊர் பேர் சட்டமன்றத்துல வந்திருக்கு. முன்மாதிரின்னு பாராட்டியிருக்காங்க.”

அவரே வாசித்துக் காட்டினார். மாநிலத்தில் நூற்றுப்பதின்மூன்று ஊர்களில் குடிநீர் மிகச் சீராக வழங்கப்படுகிறது. அந்த ஊர்களில் மட்டும் உள்ள ஒற்றுமை என்ன என்று நடைத்தொகுப்பி ஆராய்ந்தது. அங்கெல்லாம் திறப்பாளர்கள் இல்லை. மனிதக் கை நீங்கிய இடத்தில் தண்ணீர் தானாகச் சீராகிவிடுகிறது. ஆகவே மாநிலம் முழுவதும் திறப்பாளர் பணியிடங்களை நீக்க, சாவி போடும் கட்டைகளை அறுத்தெடுக்க, வால்வுகளுக்கு மூடி போட்டு அடைக்கச் சட்டம் வருகிறது. வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. நாளைக் காலை முதல் நடைமுறை.

உலகம்மாள் வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“இம்புட்டு நாளும் யாரு தொறந்தாளாம்?”

“யாரும் திறக்கலையாம்.”

“அப்ப நான் தெனமும் எங்க சார் போயிட்டு வந்தேன்?”

ஈ.ஓ. திரையைப் பார்த்தார். முத்துலட்சுமி சாக்கடை அள்ளியதாகத்தான் அதில் இருந்தது. அதை எழுதியது அவர் கைதான். மறுத்து எழுதலாம். எழுதினால் இறந்த ஒருத்தியை ஐந்து மாதம் வேலை வாங்கியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். எழுதினாலும் அது காத்திருப்பில் கிடக்கும். வேலாண்டி உயிரோடு இருக்கிறார் என்ற தீர்மானம் நாளை மறுநாள் பரிசீலனைக்கு வருகிறது என்று பக்கத்தில் ஒரு அறிவிப்பும் இருந்தது.

“அதுக்குக் கீழ இன்னும் ஒண்ணு ஓடுது சார்” என்றாள் உலகம்மாள்.

அவர் திரையைத் தள்ளினார். அந்த நூற்றுப்பதின்மூன்று ஊர்களிலும் கடந்த ஐந்து மாதமாகச் செயல் அலுவலர் எவரும் குடிநீர் பற்றி ஒரு உத்தரவும் போடவில்லை. முன்கணி சொன்னதை மட்டுமே செய்திருக்கிறார்கள். பேரூராட்சி மன்றங்கள் போட்ட தீர்மானம் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை, ஆனாலும் ஊர் நடக்கிறது. ஆகவே அந்தப் பணியிடங்களும், அந்த மன்றங்களும் நீக்கப்படும். வாய்ப்பு எழுபத்தொன்று. எழுபதைத் தாண்டினால் அன்றைக்கே செயல் அலுவலர் தன் விரலை வைத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது விதி. திரையின் ஓரத்தில் விரல் வைக்கும் இடம் பச்சையாக மின்னத் தொடங்கியது.

ஈ.ஓ. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

வெளியே ஐந்து மணிச் சங்கு ஊதியது. உலகம்மாள் எழுந்து, சுவரில் சாய்த்திருந்த நீளச் சாவியை எடுத்தாள். நாளைக்குத்தானே அடைக்கிறார்கள், இன்றைக்கு மேலத்தெரு முறை, ஆட்கள் குடத்தை வைத்துக் காத்திருப்பார்கள் என்றாள். வாசல்வரை போனவளை அவர் கூப்பிட்டார்.

“நானும் கூட வரட்டுமா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அவர் ஒரு வால்வுக் குழியையும் எட்டிப் பார்த்ததில்லை.

“வாங்க சார்” என்றாள். “இல்லாத ஆளு ரெண்டு பேரு சேந்து சுத்துனா சீக்கிரம் தொறந்துரலாம்.”